ஏறாவூர்க் கையெழுத்துகள்

மட்டக்களப்பு
14.01.2025

அன்புள்ள நபீஸாவுக்கு,

பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவின ஈரத்தோடு எழுதுகிறேன். நீயும் மகள் நஸ்ஹாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. எங்கள் வளவுக்குள் வாவித் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்து போனது.

போனில் ரெண்டு வார்த்தை கதைக்காமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன கிழமை எங்கள் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அடுத்த நாள் அது முகநூலில் கிடந்தது. குழுவில் பதினொரு பேர். யார் எடுத்துப் போட்டது என்று இன்றுவரை தெரியாது. ஆளை ஆள் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கடிதத்தை அப்படி யாரும் தட்டிவிட முடியாது. அதோடு, தபால் கந்தோரில் பதினொரு வருஷம் ஒரே மேசையில் ஊரார் கடிதங்களைப் பிரித்தவர்கள் நாம். நமக்குள் ஒன்று எழுதிக்கொண்டால் குறைந்தா போவோம்?

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வாவிக்கரையில் இருக்கிற வம்மியடிப் பூங்காவுக்கு நடுவால் வீதி போடப்போகிறார்கள். சிவப்பு மை பூசின முளைகளை நட்டுவிட்டார்கள். எட்டு வம்மி மரங்களில் இலக்கம் எழுதியிருக்கிறது. வெளியூர் நோயாளிகள், ஏறாவூர், உன்னிச்சைப் பக்கத்து ஆட்கள், கெதியாக ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம். ஆனால் வரைபடத்தை நான் கண்ணால் பார்த்தேன். வீதி ஆஸ்பத்திரி வாசலைத் தொடாமல் தாண்டிப் போய், கரையில் புதிதாக எழும்புகிற ஹோட்டலுக்கு முன்னால் முடிகிறது. இதை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் மேலே சொன்ன குழு, இதற்காக நாங்கள் தொடங்கியிருக்கிற பூங்கா பாதுகாப்புக் குழுதான். ஓய்வுபெற்ற அதிபர் நல்லரத்தினம் சேர் தலைவர். நான் செயலாளர். ஆட்சேபனை கொடுக்கப் பெப்ரவரி கடைசி வரை தவணை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் வீதி வருகிறது. அதனால் உங்கள் ஊர் ஆட்களே 'வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டால் அதுக்கு மேலே அவர்கள் என்ன சொல்வது? உன்னால் முடியுமா?

நஸ்ஹாவுக்கு என் முத்தம்.

உன்,
கேதீஸ்வரி


ஏறாவூர்
23.01.2025

அன்பின் கேதீஸ்,

உன்ட கடிதம் கிடைச்சது. மேல்விலாசத்தில உன்ட எழுத்தக் கண்டதும் முத்திரை சரியா விழுந்திருக்கா எண்டு பாத்தன். பழக்கம் விடுதில்ல.

கையெழுத்து வாங்கித் தாறன். நீ கேட்டதுக்காக மட்டுமில்ல. செவ்வாய்க்கிழமை கிளினிக் எண்டா விடியக்காலம் வெளிக்கிடணும். நஸ்ஹாட காலுக்குப் பயிற்சி குடுத்து முடிய பன்னெண்டாகும். பஸ்ஸில சனம் குறைய ரெண்டு மணி. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைய எங்க வச்சிருக்கிறது? கடை வாசல்ல நிண்டா கடைக்காரன் பாக்கிற பார்வை சரியில்ல. வம்மியடில பாய விரிச்சா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. அவள் காலை நீட்டிக் கிடப்பாள். நான் லுஹர் தொழுதிருவன். எங்கட ஊர்ல இருந்து கிளினிக்குக்கு வாற முக்கால்வாசிப் பேருக்கு டவுன்ல இருக்கிற ஒரே இடம் அதுதான்.

ஆனா ஒண்டு கேக்கணும், கோவிக்காத. எங்கட கையெழுத்து உங்கட குழுவுக்கு வேணுமா, இல்ல உனக்கு மட்டும் வேணுமா? நல்லரத்தினம் சேர் அங்க நடக்க வாறவர். நான் பாயில இருக்கக்குள்ள ரெண்டு தரம் நிண்டு, "எந்த ஊர்?" எண்டு கேட்டவர். ரெண்டு தரமும் நான் சொன்னன். ரெண்டு தரமும் அவர் ஒண்டும் சொல்லாமப் போனவர்.

இன்னொண்டு. தம்பி நளீரிட்ட ரெண்டு டிப்பர் இருக்கிறது உனக்குத் தெரியும். அந்த வீதிக்குக் கிறவல் மண் ஏத்த ஆள் எடுக்கிறாங்க எண்டு கேட்டு அவனும் பேரக் குடுத்திருக்கான். நான் கையெழுத்து வாங்கப் போறன் எண்டதும் மூஞ்சத் திருப்பிக்கொண்டு போயிட்டான். வேற வாயால உனக்கு வாறதுக்கு முந்தி நானே சொல்லிப்போட்டன். இது உன்னோட இருக்கட்டும்.

அன்போட,
நபீஸா


ஏறாவூர்
20.02.2025

அன்பின் கேதீஸ்,

இருநூத்திப் பன்னெண்டு. நாப்பத்தேழு வீடு ஏறி இறங்கினன். என்ட செருப்பு வார் அறுந்து போச்சு.

சும்மா போட்டுத் தந்தாங்க எண்டு நினைச்சிராத. சிறுநீரகக் கிளினிக்குக்கு வாற அப்துல் கபூர் காக்கா, "வீதி வந்தா எனக்கு நல்லம்தானே, என்னத்துக்கு நான் தடுக்கணும்?" எண்டு கேட்டார். "அஞ்சு நிமிஷம் முந்திப் போய் மூணு மணித்தியாலம் எங்க காக்கா குந்துவீங்க?" எண்டன். மறுகா பேனையத் தா எண்டார். பரீனா மாமிக்கு எழுதத் தெரியாது. பெருவிரல மையில வச்சுக்கொண்டு, "இத எடுத்து வேற எதுக்கும் போட்டிரமாட்டாங்கதானே, புள்ள?" எண்டு கேட்டா. நான் பொறுப்பு எண்டு சொன்னன். உன்ன நம்பித்தான் சொன்னன்.

பதினெட்டாம் திகதி கிளினிக்குக்கு வரக்குள்ள கொண்டு வந்தன். உன்ட கேற் பூட்டிக் கிடந்தது. களுதாவளைக் கோயிலுக்குப் போயிட்டாய் எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிச்சு. நஸ்ஹாவ ஓட்டோவுக்குள்ள வச்சிட்டு நல்லரத்தினம் சேர்ட வீட்ட போய் அவர்ட கையிலயே குடுத்தன். வாசல்ல கதிரையில இருந்து பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர். "வையுங்க" எண்டார். வச்சன். அதுக்கு மேல பேப்பர விரிச்சார்.

எடுத்துப் பத்திரமா வை. கிடைச்சது எண்டு ஒரு வரி எழுது.

நபீஸா


மட்டக்களப்பு
12.03.2025

அன்புள்ள நபீஸா,

நோன்பு நாளில் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதவேண்டி வந்ததற்கு வருந்துகிறேன். பதில் பிந்தியதற்கும் குறை நினைக்காதே.

நேற்று முன்தினம் பிரதேச செயலகத்தில் விசாரணை நடந்தது. நாங்கள் முந்நூற்று நாற்பது ஆட்சேபனைகள் கொடுத்திருந்தோம். அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மூன்று தெரு ஆட்களின் பிரச்சினை" என்று சொல்லிவிட்டார். "ஏறாவூர்ப் பக்கமிருந்து ஓர் ஆட்சேபனையும் இல்லை. வீதி வேண்டும் என்றுதான் அங்கிருந்து மனு வந்திருக்கிறது" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ஜூன் பன்னிரண்டில் இரண்டாம் விசாரணை. அதோடு முடிவு.

உன் பெப்ரவரிக் கடிதம் கிடைத்த அன்றே நல்லரத்தினம் சேரிடம் போய்க் கேட்டேன். "அப்படி ஒருத்தரும் வரல்ல, பிள்ளை" என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையேதான் சொன்னார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்திய மனிசன். அவர் ஏன் பொய் சொல்லப்போகிறார்?

நான் கேட்கவில்லை, குழுவில் கேட்கிறார்கள்: ஏதும் தவறுதலாக நடந்திருக்குமா? அன்று அவசரத்தில் வேறு வீட்டில் கொடுத்துவிட்டாயா? அல்லது கொண்டு வருவதற்கு முன்னரே வீட்டில் யாராவது எடுத்து மாற்றி வைத்திருப்பார்களா? நளீரின் டிப்பர் பற்றியும் குழுவில் கதை வந்தது. ஆதரவு மனுவில் உள்ள பெயர்களும் நீ வாங்கிய பெயர்களும் ஒன்றோ என்றும் ஒருவர் கேட்டார்.

உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது. நான் தவறாக நினைக்கமாட்டேன்.

கேதீஸ்வரி


ஏறாவூர்
03.04.2025

கேதீஸுக்கு,

பெருநாள் முடிஞ்சு மூணாம் நாள் எழுதுறன். இத்தன வருஷத்தில ஒரு பெருநாளுக்கும் நீ வாழ்த்துச் சொல்லாம விட்டதில்ல. இந்தத் தரம் போன் அடிக்கும் அடிக்கும் எண்டு நஸ்ஹா பாத்துக்கொண்டு இருந்தாள்.

உன்ட கேள்விக்குப் பதில். வேற வீட்டில குடுக்கல்ல. நல்லரத்தினம் சேர எனக்குத் தெரியும். வெள்ளைச் சாரம், தோள்ல துவாய். அவர்ட மனிசி உள்ளுக்கு இருந்து, "ஆரது?" எண்டு கேட்டா. "ஒருத்தருமில்ல" எண்டு அவர் சொன்னார். நான் முன்னுக்கு நிண்டுகொண்டிருக்கக்குள்ளயே அப்படிச் சொன்னார். அத உனக்கு எழுத வெக்கமா இருந்தது, எழுதல்ல. இப்ப எழுதுறன்.

ஆதரவு மனுவில கையெழுத்துப் போட்டது ஆர் எண்டு எனக்குத் தெரியாது. நளீர் போட்டிருப்பான். அவன் போட்டா அது அவன்ட கை. என்ட கை இல்ல.

நான் கேக்கல்ல, குழுவில கேக்கிறாங்க எண்டு எழுதியிருக்காய். கடிதத்துக்குக் கீழ உன்ட கையெழுத்துத்தானே கேதீஸ் இருக்கு?

தொண்ணூறுகள்ல சண்டையில பாதை மூடிக்கிடக்கக்குள்ள வேலைக்கு வந்த நான் வீட்ட போக ஏலாம இருபது நாள் உன்ட வீட்டில இருந்தன். தமிழ் ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் இடையில ஊர் முழுக்கச் சந்தேகம். உங்கட வீட்டுக்குள்ள அது வரல்ல. உன்ட அம்மா எனக்கெண்டு புதுச் சட்டி வாங்கி, அதில மீன் மட்டும் சமைச்சுத் தந்தா. அந்த வீட்டில இருந்துதான் இந்தக் கடிதம் வந்திருக்கு எண்டு நம்ப ஏலாம ரெண்டு தரம் விலாசத்தப் பாத்தன்.

கடைசியா நானும் ஒண்டு கேக்கிறன். நளீர் கிறவலுக்குப் பேர் குடுத்தது எனக்கும் அவனுக்கும் ஆள் எடுத்த கந்தோர்க்காரனுக்கும்தான் தெரியும். நான் எழுதினது உனக்கு மட்டும். உங்கட குழுவுக்கு அது எப்படிப் போச்சு?

நபீஸா


மட்டக்களப்பு
25.05.2025

அன்புள்ள நபீஸா,

ஏழு கிழமையாக உனக்கு எழுதாமல் இருந்துவிட்டேன். இன்று எழுதாமல் இருக்க முடியாது.

கையெழுத்துகள் கிடைத்துவிட்டன. எல்லாத் தாளும், நீ கட்டின பச்சை நாடாவோடு அப்படியே.

நேற்றுக் காலை பூங்காவின் வரைபடத்தை எடுக்க நல்லரத்தினம் சேர் வீட்டுக்குப் போனேன். அவர் கிணற்றடியில் நின்றார். "அலுமாரிக்குள்ள கிடக்கும், எடுங்க பிள்ளை" என்று அவருடைய மனைவி திறந்துவிட்டார். வரைபடத்துக்குக் கீழே உன் கட்டு. மேல் தாளில் உன் கையெழுத்து. நான் அங்கேயே நிலத்தில் குந்தித் தாள்களை எண்ணினேன். சேர் தலை துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கட்டு என் மடியில் இருப்பதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"உரத்துக் கதைக்காதீங்க" என்றார்.

"ஒருத்தரும் வரல்ல எண்டு சொன்னீங்களே, சேர்."

"இது நம்மட ஆக்கள்ற பூங்கா. ஏறாவூர்ப் பேர் இருநூறு போட்டுக் குடுத்தா, நாளைக்கு அவங்களும் பங்கு கேப்பாங்க. கோயிலடி ஆக்கள் குடுத்த கையெழுத்த வாபஸ் வாங்குவாங்க. ரெண்டையும் யோசிச்சுத்தான் எடுத்து வச்சன்."

"வீதி வந்தா ஒருத்தருக்கும் பூங்கா இல்லயே, சேர்."

அவர் கட்டிலில் இருந்தார். துவாயை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "கிழிச்சுப் போட மனம் வரல்ல" என்று மட்டும் சொன்னார். அவரை மன்னிக்கச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நபீஸா, நாங்கள் உனக்குப் பெரிய பிழை செய்துவிட்டோம். பன்னிரண்டாம் திகதி விசாரணைக்கு இந்தக் கட்டை நானே கொண்டு போய்க் கொடுப்பேன். குழு ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் கொடுப்பேன். நீயும் வந்து ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. வரச்சொல்லிக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா தெரியாது. கேட்கிறேன்.

நஸ்ஹா பெருநாளன்று என் போனுக்காகக் காத்திருந்தாள் என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு அழுதேன். அவளிடம் சொல்.

கேதீஸ்


ஏறாவூர்
18.06.2025

கேதீஸுக்கு,

வந்தன்தானே. நஸ்ஹாவையும் கூட்டிக்கொண்டு வந்தன். மேல் மண்டபத்துக்கு ஏத்த ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அவள அந்த அதிகாரி பாக்கட்டும் எண்டுதான் ஏத்தினன்.

நீ கட்டக் குடுக்கக்குள்ள, "இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?" எண்டு அவர் கேட்டார். "எங்கள் குழுவிடம்தான் இருந்தது. நாங்கள் ஒப்படைக்கவில்லை" எண்டாய். நல்லரத்தினம் சேர் எழும்பி வெளிய போனார். மறுகா அதிகாரி என்னப் பாத்து, "உங்களுக்கு இந்தப் பூங்காவில் என்ன?" எண்டு கேட்டார். கிளினிக் முடிஞ்சா என்ட மகள் கால் நீட்ட வேற இடமில்ல எண்டன். "எங்களுக்காகத்தான் வீதி எண்டு சொல்லுறீங்க. எங்களில ஒருத்தர்ட்டயாவது கேட்டீங்களா?" எண்டும் கேட்டன். அவர் நிறைய நேரம் எழுதினார். பழைய களஞ்சியப் பக்கத்தால வீதியக் கொண்டு போக ஏலுமா எண்டு திரும்ப அளக்கச் சொல்லுறன் எண்டு சொல்லி முடிச்சார்.

வாசல்ல நீ என்னக் கட்டிப்பிடிச்சாய். நான் கையத் தூக்கல்ல. நீ கவனிச்சிருப்பாய்.

உனக்குத் தெரியாத ஒண்டு சொல்லுறன். மார்ச் மாசம் உங்கட விசாரணை முடிஞ்ச கிழமையே, ஏறாவூர்ல இருந்து ஒரு ஆட்சேபனையும் இல்லயாம் எண்ட கதை இஞ்ச வந்திட்டு. நாப்பத்தேழு வீட்டுச் சனமும் என்னட்டக் கேட்டாங்க, "எங்கட பேர் எங்க போச்சு?" எண்டு. பரீனா மாமி வாசல்லயே வந்து நிண்டா. மழையில நனைஞ்சு மை கரைஞ்சு போச்சு எண்டு பொய் சொன்னன். உங்கட ஆக்கள் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கிறாங்க எண்டு சொன்னா, இனி எந்தக் காலத்திலயும் எதுக்கும் அந்தப் பக்கத்தோட சேரமாட்டாங்க. அதுக்காகச் சொன்னன். நோன்போட சொன்னன்.

அந்தப் பொய்ய இனி நான் சுமக்க ஏலா. நீ வா. வீடு வீடா வந்து உன்ட வாயால உண்மையச் சொல்லு. நான் கூட நடக்கிறன்.

நபீஸா


ஏறாவூர்
15.07.2025

கேதீஸுக்கு,

சனிக்கிழமை நீ வந்தாய். அதுக்கு நன்றி. அந்தக் கச்சான் சுடுகாத்திலயும் வெயில்லயும் நாப்பத்தேழு வீடும் நடந்தாய். பாதியில திரும்புவாய் எண்டு நினைச்சன். திரும்பல்ல. அப்துல் கபூர் காக்கா கதவச் சாத்தினதுக்கும் நீ வெளிய நிண்டு, அவர் திறக்கிற வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தாய். பரீனா மாமி ஒண்டும் சொல்லாம உனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. அவ எல்லாருக்கும் ஊத்தமாட்டா.

வீதி களஞ்சியப் பக்கத்தால போகுது எண்டு எழுத்தில வந்ததயும், முளையெல்லாம் பிடுங்கியாச்சு எண்டதயும் நீ சொல்லக்குள்ள சனம் சந்தோசப்பட்டது. எனக்கும் சந்தோசம்தான்.

இப்ப நமக்குள்ள இருக்கிறது.

ஒவ்வொரு வீட்டிலயும் நீ சொன்னதக் கேட்டுக்கொண்டு வந்தன். "நாங்க பிழை செஞ்சிட்டம். எங்கட தலைவர் எடுத்து வச்சிட்டார். நாங்க கேக்காம விட்டிட்டம்." நாங்க, நாங்க, நாங்க. நாப்பத்தேழு வீட்டில ஒரு வீட்டிலயாவது 'நான்' எண்டு வரும் எண்டு பாத்தன்.

விசாரணை அண்டைக்கு உன்னக் கூப்பிட்ட நேரம், குழுவிட கோப்ப என்ட மடியில வச்சிட்டுப் போனாய். உங்கட கூட்டக் குறிப்பெல்லாம் அதுக்குள்ள இருந்தது. செயலாளர் நீதானே, எல்லாம் உன்ட வடிவான எழுத்து. பதினொரு வருஷம் பக்கத்தில இருந்து பாத்த எழுத்து, எனக்குக் கண்ணாடி தேவைப்படல்ல.

பெப்ரவரி ஒன்பதாம் திகதிக் கூட்டம். மூணாவது விஷயம். "ஏறாவூரில் கையெழுத்துச் சேகரிக்கும் நபீஸாவின் சகோதரர் வீதி வேலைக்குக் கிறவல் ஏற்றுவதற்குப் பெயர் கொடுத்துள்ளார் எனச் செயலாளர் தெரிவித்தார். எனவே நபீஸாவிடமிருந்து வருபவை குறித்து அவதானமாக இருக்குமாறும் செயலாளர் கேட்டுக்கொண்டார்."

நான் கட்டக் கொண்டு வந்தது பதினெட்டாம் திகதி. அதுக்கு ஒன்பது நாளுக்கு முந்தியே நீ வாசலச் சாத்திப்போட்டாய்.

அத வாசிச்சிட்டுத்தான் எழும்பி அந்த அதிகாரிக்குப் பதில் சொன்னன். அதுக்குப் பிறகுதான் நீ என்னக் கட்டிப்பிடிச்சாய். ஒரு மாசமா உன்ட வாயால வருமா எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். வீடு வீடா உன்னக் கூட்டிக்கொண்டு போனதும் பாதி அதுக்காகத்தான்.

நபீஸா


மட்டக்களப்பு
24.07.2025

நபீஸா,

நான் சொன்னேன்.

யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாக எழும்பிச் சொன்னேன். குரல் பதிவு வெளியே போன நாளிலிருந்து குழுவில் ஆளுக்கு ஆள் சந்தேகம். அந்தக் கூட்டத்தில் ஒருவர், "கேதீஸ்வரிக்கு ஏறாவூரில் ஆள் இருக்கு, கதை அந்த வழியாலதான் போகுதோ தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களுடைய ஆள்தான் என்று காட்ட, கையில் என்ன இருக்கிறது என்று தேடினேன். நீ என்னை நம்பி எழுதியது இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததும் அவர்கள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அந்த நிம்மதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மே மாதம் எழுதிய கடிதத்திலும் ஒன்றை மறைத்தேன். அலுமாரிக்கு முன்னால் நல்லரத்தினம் சேர் முதலில் சொன்னது பூங்காவைப் பற்றி அல்ல. "நீங்கதானே பிள்ளை அவதானமா இருக்கச் சொன்னீங்க?" என்றுதான் முதலில் சொன்னார். நம்மட ஆக்கள், கோயிலடி எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. நான் முதல் வரியை வெட்டிவிட்டு உனக்கு எழுதினேன். அவர் முழுப் பழியையும் சுமந்துகொண்டு பதவியை விட்டு விலகினார். ஊர் அவரை ஏசுகிறது. நான் பேசாமல் இருந்தேன். நேற்று அவர் வீட்டுக்குப் போய், கூட்டத்தைக் கூட்டி இதைச் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "இனி என்னத்துக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சொல்வேன்.

மார்ச்சில் உன்னைக் கேள்வி கேட்டு எழுதினபோது எனக்கு உண்மை தெரியாது. ஆனால் நீ கொடுத்திருப்பாய் என்று மனதுக்குள் தெரியும். நீ கொடுக்கவில்லை என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நீ பிழையானவள் என்றால், நான் பெப்ரவரியில் சொன்னது சரியாகிவிடும்.

மன்னிப்புக் கேட்கிறேன். நான் கேட்கிறேன்.

கேதீஸ்வரி


ஏறாவூர்
06.08.2025

கேதீஸ்,

உன்ட கடிதம் வந்து பத்து நாளாகுது. ஒவ்வொரு நாளும் பேனைய எடுத்து எடுத்து வச்சன். உனக்கு என்ன எழுதுறது எண்டதில்ல. என்னப் பத்தி எழுதலாமா விடலாமா எண்டதுதான்.

இந்தக் கடிதத்தோட ஒரு தடிச்ச உறை வருகுது. பிரிச்சுப் பார். இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்துக்கும் போட்டோ கொப்பி. நீ சேர்ட அலுமாரியில கண்ட கட்டில இருந்து எடுத்ததில்ல. பெப்ரவரி பதினேழாம் திகதி, உங்கட பக்கம் கொண்டு வாறதுக்கு முதல் நாள், கடையில குடுத்து ஒவ்வொரு தாளா எடுத்தது.

ஏன் எடுத்தன்? நல்லரத்தினம் சேர நம்ப ஏலாததால எண்டு அப்ப நானே எனக்குச் சொல்லிக்கொண்டன். அது பொய். கட்ட உன்ட கையில குடுக்கத்தான் கொண்டு வந்தன். நீ களுதாவளைக்குப் போவாய் எண்டு எனக்குத் தெரியாது. உன்ன நம்பாமத்தான் கொப்பி எடுத்தன். முப்பது வருஷத்தில உன்ட கையில நான் தந்த எதுக்கும் கொப்பி எடுத்ததில்ல. நீ கூட்டத்தில சொன்னது எனக்கு அப்ப தெரியாது. தெரியாமலே எடுத்தன்.

அதோட முடியல்ல. மார்ச் மாசம் உன்ட கடிதம் வரக்குள்ள இந்தக் கொப்பி என்ட தலையணைக்குக் கீழ கிடந்தது. அடுத்த பஸ்ஸில ஏறி அந்த அதிகாரிக்கு முன்னால கொண்டு வந்து வச்சிருக்கலாம். உன்ட குழுவும் நானும் எல்லாரும் தப்பியிருப்பம். வைக்கல்ல. நீ என்ன செய்றாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். சனம், "பேர் எங்க?" எண்டு கேக்கக்குள்ளயும் மழையில போச்சு எண்டு சொன்னனே தவிர, கொப்பி இருக்கு எண்டு சொல்லல்ல. ஜூன்ல நீ கட்டக் கொண்டு வரும்போதும் இது என்ட பைக்குள்ள இருந்தது. நீ கொண்டு வராம விட்டா எல்லாருக்கும் முன்னால எடுத்துக் காட்டணும் எண்டு இருந்தன். நீ கொண்டு வந்திட்டாய் எண்டதும் எனக்கு முதல்ல வந்தது சந்தோசமில்ல. ஒரு ஏமாத்தம் மாதிரி. அத நினைக்க எனக்கே என்னப் பிடிக்கல்ல.

அந்த எட்டு மரத்தையும் வெட்டியிருந்தா, பாதிப் பழி என்ட தலையணைக்குக் கீழ கிடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில நீ எழும்பிச் சொன்னத, உங்கட பக்கத்தில இருந்து கிளினிக்குக்கு வாற ஒரு பிள்ள எனக்குச் சொல்லிச்சு. ரெண்டு பேர் எழும்பிப் போனாங்களாம். நீ முழுக்கச் சொல்லி முடிச்சிட்டுத்தான் இருந்தாயாம்.

நான் எங்க எழும்பிச் சொல்லுறது? பரீனா மாமியிட்ட நேத்துச் சொன்னன். "ரெண்டு பேரும் ஒண்டுதான்" எண்டு சொல்லிப்போட்டு அவ முருங்கையிலை ஆய்ஞ்சுகொண்டு இருந்தா. இப்ப உனக்குச் சொல்லுறன்.

நளீர் வேற வீதிக்குக் கிறவல் ஏத்துறான். என்னோட கதைக்கிறான். நஸ்ஹாவுக்குக் காலில கொஞ்சம் பிடிப்பு வந்திருக்கு, சுவரப் பிடிச்சு நாலு எட்டு வைக்கிறாள்.

கொப்பிய நீயே வச்சுக்கொள். கிழிச்சாலும் சரி. இனி உனக்குத் தாறதுக்குக் கொப்பியே எடுக்கமாட்டன் எண்டு நான் சொல்லமாட்டன், கேதீஸ். அப்படிச் சொன்னா நீ நம்பவும் வேணாம்.

எடுத்தா உனக்குச் சொல்லுறன்.

உன்,
நபீஸா